பார்த்த வரைக்கும்

நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் பட்டு நூல் வியாபாரி. காஞ்சிபுரத்தில் அவருடைய தாத்தா கட்டிய வீடு அது. முன்பக்கத்தில் அவர்கள் குடும்பம் இருந்தது. பின்பக்கம் கிணற்றை ஒட்டி இரண்டு போர்ஷன்கள். ஒன்றில் நான் இருந்தேன். ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் நர்ஸ் வேலை. இன்னொன்றுக்கு, அறுபதுகளின் கடைசியில் ஒரு வெயில் காலத்தில் குடிவந்தார் இன்ஜினியரம்மா.

தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அவருக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. அதை இங்கே எழுதினால், எங்கிருந்தாலும், “என்னைக் கேட்டீங்களா சிஸ்டர்?” என்பார். அதனால் எழுதவில்லை. அவர் மூடிய பாலம் எது என்றும் சொல்லப் போவதில்லை. இன்றைக்கும் அதன்மேல் பஸ் போகிறது. போகிறவர்கள் நிம்மதியாகப் போகட்டும்.

அரசாங்கத்தில் அவருக்குப் பாலங்களைப் பார்க்கிற வேலை. புதிதாகக் கட்டப்போகும் பாலத்துக்கு உத்திரம் எவ்வளவு கனம், உள்ளே எத்தனை கம்பி என்று கணக்குப் போடுவார். கட்டி முடித்தவற்றைப் போய்ப் பார்த்து எழுதுவார். அந்த நாளில் பெண்கள் டாக்டராவதைப் பார்த்திருக்கிறோம், டீச்சராவதைப் பார்த்திருக்கிறோம். ஏணியில் ஏறிப் பாலத்தின் அடிவயிற்றைத் தட்டிப் பார்க்கிற பெண்ணை யாரும் பார்த்ததில்லை. காலையில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலில் கான்வாஸ் ஷூவோடு அவர் ஜீப்பில் ஏறும்போது தெருவில் தறி ஓட்டுகிறவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள்.

குடிவந்த மறுநாளே வீட்டுக்காரர் அவரிடம் மாட்டிக்கொண்டார்.

“இன்ஜினியரம்மா, இது எங்க தாத்தா கட்னது. மேல கட்டையெல்லாம் தேக்கு. நீங்களே பாத்து சொல்லுங்க, கெட்டியா இருக்குதா?”

வேறு யாராக இருந்தாலும் அண்ணாந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, பிரமாதம் என்று சொல்லிப் போயிருப்பார்கள். இவர் ஏணி கேட்டார். ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். அதற்குள் முற்பகல் போய்விட்டது. கீழே இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “முன் ரூம் கட்டையைப் பாத்த வரைக்கும் ஒண்ணும் தெரியல. சமையல் ரூம்ல கட்டை சுவத்துக்குள்ள போற முனையைப் பாக்க முடியல. அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல முடியாது.”

“அப்ப நல்லா இருக்குதுன்னுதானே அர்த்தம்?”

“பாக்கலைன்னு அர்த்தம்.”

வீட்டுக்காரர் அதன்பிறகு பல நாள் அவரோடு பேசவில்லை. அவர் மனைவி மட்டும், அடுப்பில் குழம்பைக் கிளறும்போது அவ்வப்போது தலையைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் தொடங்கினார்.

இன்னொரு தடவை, வீட்டுக்காரர் மகளின் கல்யாணப் புடவை. பக்கத்து வீட்டுத் தறியிலேயே சொல்லி வைத்து நெய்தது. அரக்கு உடல், பச்சைக் கரை. புடவையை விரித்துப் போட்டுத் தெருப் பெண்கள் எல்லாரும் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் வேலை முடிந்து உள்ளே வந்தார். “நீயும் சொல்லும்மா, எப்பிடி இருக்குது?” என்று வீட்டுக்காரம்மா கேட்டுவிட்டார். கேட்டபிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அதற்குள் இவர் உட்கார்ந்து, கரையும் உடலும் சேர்கிற கோர்வையை விரலால் தடவிக்கொண்டே முந்தானை வரை போய்விட்டார். “பாத்த வரைக்கும் ஒரு எடத்துலதான் இழை விட்டிருக்கு. இங்க.” விரலை எடுக்காமல் அங்கேயே வைத்துக் காட்டினார்.

நெய்தவர் வந்து அந்த இடத்தைப் பிரித்துச் சேர்த்துக் கொடுத்தார். அவருக்கு வருத்தமில்லை. “கரெக்டா கண்டு புட்சிதும்மா அது” என்றுகூடச் சொன்னார். ஆனால் அந்தப் பெண், கல்யாணத்தன்று மணவறையில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்தபோது எனக்கு இவர்மேல் கோபம்கூட வந்தது.

எனக்கும் அவருக்கும் ஒத்துப்போக நியாயமே இல்லை. என் தொழில் அப்படி. வலியில் துடிக்கிறவளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒண்ணும் ஆகாதும்மா, எல்லாம் சரியாப் போயிடும் என்று நான் சொல்லாத நாள் கிடையாது. அதைப் பற்றி ஒருநாள் கேட்டார்.

“தெரியாமலே சொல்வீங்களா சிஸ்டர்?”

“தெரிஞ்சாத்தான் சொல்லணும்னா ஆஸ்பத்திரியில எவளும் வாயே தெறக்க முடியாது.”

அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது மிகக் குறைவு. அன்று சிரித்தார். அதிலிருந்து நாங்கள் சிநேகிதிகள். ஞாயிற்றுக்கிழமை நான் கோவிலுக்குப் போய்விட்டு வரும்போது எனக்கும் சேர்த்துச் சாதம் வடித்து வைத்திருப்பார். உப்பு சரியாக இருக்கிறதா என்று அவர் கேட்டால் நான் பொய் சொல்ல முடியாது. அது ஒன்றுதான் கஷ்டம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவரோடு அந்தப் பாலத்துக்குப் போனேன். ஆறு மணலாகக் கிடந்தது. பாலம் கட்டிப் பல வருஷம் ஆகவில்லை. அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஊரோடு இருந்த ஒரே வழி. தறிக்காரர்கள் நூல் வாங்க வருவதும், புடவையைக் கொண்டுவந்து கொடுப்பதும், பிள்ளைகள் படிக்க வருவதும் அதன்மேல்தான். தலைக்கு மேலே பஸ் போனபோது உத்திரங்கள் லேசாக உறுமின. நான் பயந்து நகர்ந்தேன். அவர் நகரவில்லை. மணலில் ஏணியை ஊன்றி, ஓரத்து உத்திரத்தின் அடிப்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்தார். துடைத்துவிட்டுச் சும்மா நின்றார்.

“என்ன பாக்கறீங்க?”

“காயட்டும்.”

வெயிலில் கான்கிரீட் சீக்கிரம் காய்ந்து வெளுத்தது. ஓர் இடத்தில் மட்டும் குறுக்கே ஒரு கோடு காயாமல் கறுப்பாக நின்றது. பட்டு இழைபோல மெல்லிய கோடு. உள்ளே ஈரம் இறங்கியிருந்ததால் அது கடைசியாகக் காய்ந்தது.

இவ்வளவு சின்ன விரிசலா, எங்கள் வீட்டுச் சுவரில் இதைவிடப் பெரியது இருக்கிறதே என்றேன். அவர் ஏணியிலிருந்து இறங்கி, பாலத்தடி நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த மேஸ்திரியிடமிருந்தும் கூலியாட்களிடமிருந்தும் தீப்பெட்டிகளை வாங்கினார். அவற்றை வரிசையாக ஒட்டி வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் இரு முனையிலும் அழுத்தி, வரிசை கலையாமல் அப்படியே தூக்கினார்.

“ஏன் விழல?”

“நீங்க அழுத்திப் புடிச்சிருக்கீங்க.”

“இந்த உத்திரமும் அப்படித்தான். உள்ள குழாய்ல கம்பியை விட்டு, விறைப்பா இழுத்து, ரெண்டு முனையிலயும் ஆப்பு வெச்சு இறுக்கியிருக்கு. கம்பி சுருங்கப் பாக்கும். கான்கிரீட் விடாது. அதனால கான்கிரீட் எப்பவும் நெருங்கியே இருக்கணும். விரிசல் வரக் கூடாது.” கையைக் கொஞ்சம் தளர்த்தினார். நடுவில் ஒரு தீப்பெட்டி நழுவியது. விழவில்லை. “கம்பி துருப்பிடிக்காம இருக்கக் குழாய்க்குள்ள சிமெண்ட் பால் அடைச்சிருப்பாங்க. அடைச்சாங்களா, எங்கயாவது அடையாம நின்னுச்சா, கம்பி இப்ப எப்படி இருக்கு, எதுவும் வெளியிலிருந்து தெரியாது.”

அந்தக் கோட்டுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கலவையால் ஒட்டினார். விரிசல் கொஞ்சம் வாயைத் திறந்தாலும் கண்ணாடி உடையும் என்றார். ஒட்டிவிட்டு வந்தோம். அந்த உத்திரத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று மேலே எழுதினார். பதில் வரவில்லை. மழைக்காலம் வந்துவிட்டது.

பாலத்தை மூடிய நாளன்று நடந்ததை எனக்குச் சொன்னது மேஸ்திரி. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதால், பாலத்தின் மேலிருந்து கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பலகையில் உட்கார்ந்து இவர் கீழே போய்ப் பார்த்தார். கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது. மேலே ஏறி வந்தவர் நேராகப் போய்ப் பாலத்தின் வாயில், கொட்டுகிற மழையில், நடுரோட்டில் நின்றுவிட்டார். அப்போது ஊரிலிருந்து பஸ் வந்தது.

“யாரும்மா நீ? வழி வுடு!” என்று கண்டக்டர் கத்தியிருக்கிறார்.

“பஸ் போகக் கூடாது. எறங்கி நடந்து போங்க.”

“இன்னா ஆச்சி? பாலம் உழுந்துருமா?”

“தெரியாது.”

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்று ஏச்சு தொடங்கியது. அவர் நகரவில்லை. மேஸ்திரியும் ஆட்களும் பனங்கட்டைகளை உருட்டிக்கொண்டு வந்து இரண்டு பக்கமும் போட்டார்கள். ஆள் நடக்கலாம், வண்டி கூடாது என்று பலகை எழுதி வைத்தார்கள்.

மறுநாள் பெரிய இன்ஜினியர் வந்தார். உடைந்த கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்த்தார். “பசங்க கல்லு விட்டிருப்பானுங்கம்மா” என்றார்.

“இருக்கலாம் சார்.”

“அப்புறம் என்ன? இன்னொரு கண்ணாடி ஒட்டு. அதுவும் உடையுதான்னு பாத்துட்டு மூடு.”

“அது உடையறப்ப மேல பஸ் இருந்தா சார்?”

அவர் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாராம். பிறகு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். இவர் எழுதி வைத்துவிட்டதை மாற்றி, திறக்கலாம் என்று எழுத அவருக்கும் கை வரவில்லை.

அந்த மழைக்காலம் முழுவதும் அக்கரைக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தண்ணீர் ஓடுகிற ஆற்றில் வண்டி இறங்காது. சுற்றிப் போனால் அரை நாள். நெல் மூட்டையைத் தலையில் வைத்துப் பாலத்தைக் கடந்தார்கள். நனையாமல் இருக்கப் புடவை மூட்டையை ரப்பர் ஷீட்டில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். பொம்பளையை வேலையில் வைத்தால் இப்படித்தான் என்று டீக்கடையில் பேசினார்கள். ஒருநாள் காலை எங்கள் வீட்டு வாசற்கதவில் யாரோ சாணியை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டுக்காரம்மா முணுமுணுத்துக்கொண்டே கழுவப் போனார். இவர் அவர் கையிலிருந்து வாளியை வாங்கித் தானே கழுவினார்.

அந்த மழையில்தான் அஞ்சலை வந்தாள். அக்கரைக் கிராமம். தலைப்பிரசவம். விடியற்காலையில் வலி கண்டிருக்கிறது. பாலம் திறந்திருந்தால் அவர்கள் ஊர் வாசலிலேயே முதல் பஸ் கிடைத்திருக்கும். கயிற்றுக் கட்டிலில் போட்டு, மேலே கோணி போர்த்தி, நான்கு பேர் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்து வந்தார்கள். இந்தப் பக்கம் மழையில் ஒரு வண்டியும் இல்லை. காத்திருந்து, பிறகு நடந்து, நடுவழியில் கிடைத்த மாட்டுவண்டியில் ஏற்றி வார்டுக்குக் கொண்டுவந்தபோது பொழுது நன்றாக ஏறிவிட்டது. டாக்டரம்மா தன்னால் ஆனதைச் செய்தார். தாய் பிழைத்தாள். குழந்தை அசையவில்லை. பெண் குழந்தை.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “முன்னாடியே வந்திருந்தா பொழச்சிருக்குமா சிஸ்டரு?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. எப்ப வந்திருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும். மனசப் போட்டு ஒழப்பிக்காத” என்றேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பலர் பிற்பாடு என்னிடம் சொன்னார்கள். அவரிடம் எதையும் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. சொல்லி முடிக்கும்வரை கேட்டார். எந்தக் கட்டில் என்று மட்டும் விசாரித்தார்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் வார்டுக்கு வந்துவிட்டார். ஒரு ஆரஞ்சுப் பழம்கூட வாங்கி வராமல், வெறுங்கையோடு வந்து அஞ்சலையின் கட்டில் அருகே நின்றார். வந்தவர் யார் என்று சுற்றியிருந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அஞ்சலையின் மாமியார் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். அஞ்சலை அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“நீதானாம்மா பாலத்த மூடுனது?”

“ஆமா.”

“மூடலேன்னா உழுந்திருக்குமா?”

நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். தன் பிள்ளை போனதற்குப் பதில் ஒரு பஸ் நிறைய ஜனம் பிழைத்தது என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்திருப்பாள். எத்தனை தாய்மார்களை நான் அப்படி எழுப்பியிருக்கிறேன்.

“தெரியலம்மா. விழுந்திருக்கலாம். விழாமலும் இருந்திருக்கலாம்.”

“தெரியாமயா மூடுன?”

“தெரியாததாலதான் மூடினேன்.”

அஞ்சலை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இவர் பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றார். மாமியார் திட்டினாள். மாமியாருக்குத் துணையாகப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவளும் திட்டினாள். இவர் தலையைக் குனியவில்லை.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் போய் எதிரில் நின்றேன்.

“ஒரு வார்த்தை. விழுந்திருக்கும்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாயில முத்தா உதிர்ந்துடும்?”

“நீங்க அவங்ககிட்ட, முன்னாடியே வந்திருந்தாலும் பொழச்சிருக்காதுன்னு சொன்னீங்களாமே. அது நிஜமா?”

“தெரியாது. ஆனா சொல்லணும். அவ தூங்க வேணாமா?”

தலையாட்டினார். நான் சொன்னதைத் தவறு என்று அவர் நினைக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. “நீங்க சொல்லலாம் சிஸ்டர். நான் சொல்லக் கூடாது. நான் ஒண்ணு சொன்னா அதை நம்பி மேல பஸ் ஏறும்.”

கொஞ்ச நேரம் துணியைக் கும்மினார். பிறகு, கேட்காமலே சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், உத்திரம் வார்க்கிற ஒரு மைதானத்தில் இருந்தாராம். கம்பியை இழுக்கிற இயந்திரத்துக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. கம்பி நழுவினால் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். “எல்லாம் சரியான்னு ஆள் கேட்டான். நான் இந்த முனையில இருந்தேன். சரின்னேன். அந்த முனைக்குப் போய்ப் பாக்கல. அங்க ஒருத்தர் குடத்தைச் சாய்ச்சுத் தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்தார்.”

துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

அதனால்தான் அவர் அப்படி ஆனார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய அம்மா ஒருமுறை சேலத்திலிருந்து வந்து எங்களோடு சில நாள் இருந்தார். “மூணு வயசுலயே இப்படித்தாம்மா. பொம்மை அழகா இருக்கான்னு கேட்டா, திருப்பிப் போட்டுப் பாத்துட்டுத்தான் சொல்லுவா” என்று அலுத்துக்கொண்டார். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

கோடையில் ஆறு மறுபடி மணலானபோதுதான் உத்திரத்தைப் பிரித்துப் பார்க்க மேலிடத்திலிருந்து அனுமதி வந்தது. சாரம் கட்டி, விரிசலுக்கு அருகே உளியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி, உள்ளே இருந்த குழாயைத் திறந்தார்கள். அந்த நீளத்துக்குச் சிமெண்ட் பால் போய்ச் சேரவே இல்லை. குழாய் பாதி காலி. மழைத் தண்ணீர் எப்படியோ இறங்கித் தங்கியிருக்கிறது. கம்பிகள் சில அறுந்து கிடந்தன, சில துருவேறி இளைத்திருந்தன, சில புதிதுபோல இருந்தன.

செய்தி ஊருக்குள் வந்தபோது எல்லாம் தலைகீழாக மாறியது. சாணி அடித்தவர்களே வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அக்கரைக் கிராமத்துத் தலைவர், அந்த மழைக்காலத்தில் இவரை மாற்றச் சொல்லி மனுக் கொடுத்தவர், ரோஜா மாலையும் பின்னால் பத்துப் பதினைந்து பேருமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“நீ மட்டும் மூடலேன்னா பஸ்ஸோட போயிருப்போம்மா. தெய்வம் மாதிரி வந்து நின்ன.”

“அப்படி நான் சொல்லலையே” என்றார் இவர்.

“கம்பி அறுந்து கெடக்குது, நான் என் கண்ணால பாத்துக்கினுதானே வரேன்.”

“அறுந்திருக்குங்க. எப்ப அறுந்துச்சுன்னு தெரியல. மிச்சக் கம்பி தாங்கியிருக்கலாம். தாங்காமலும் போயிருக்கலாம். உயிரைக் காப்பாத்தினேன்னு என்னால சொல்லிக்க முடியாது.”

தலைவர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். வீட்டுக்காரம்மாதான் நிலைமையைச் சமாளித்தார். “குடுங்க, சாமி படத்துக்குப் போட்டுடறேன்” என்று மாலையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர்கள் போனபிறகு, “மால போட்டா கழுத்து கொறஞ்சிடுமாடி உனுக்கு?” என்று இவரைக் கடிந்துகொண்டார். அந்தக் குரலில் முதல்முறையாக ஒரு சொந்தம் இருந்தது.

அந்த வாரமே அஞ்சலை ஆஸ்பத்திரிக்கு வந்தாள். உடம்பைக் காட்டிக்கொண்டு போக வந்திருந்தாள். இளைத்திருந்தாள். நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். கம்பியெல்லாம் அறுந்து கிடந்ததாம், எத்தனை பேர் தப்பித்தார்கள் தெரியுமா என்றேன். அவள் முகம் மாறவில்லை.

“எல்லாரும் சொல்றாங்க. நான் பாக்கணும் சிஸ்டரு.”

“எதை?”

“அந்தக் கம்பிய.”

இவரிடம் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. “ஞாயித்துக்கெழமை கூட்டிக்கிட்டு வாங்க” என்றார்.

நாங்கள் போனபோது பாலத்தடியில் ஆட்கள் யாரும் இல்லை. மேலே ஜீப் மட்டும் நின்றது. பெரிய இன்ஜினியர் வேறு ஏதோ பார்க்க வந்திருந்தார். இவர் அஞ்சலைக்கு முன்னால் சாரத்தில் ஏறி, கையைக் கொடுத்து அவளை ஏற்றினார். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கொத்தித் திறந்த இடத்தில் டார்ச் விளக்கைப் பிடித்து, ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார்.

“இது அறுந்தது. இது பாதி போயிருக்கு. இது நல்லா இருக்கு. இதுவும். இதுக்கு அந்தப் பக்கம் இன்னும் பிரிக்கல. அங்க எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது.”

அஞ்சலை கையை உள்ளே விட்டாள். அறுந்த கம்பியின் முனையைத் தொட்டுப் பார்த்தாள். விரலை வெளியே எடுத்தபோது துரு அப்பியிருந்தது. அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“உள்ள இப்பிடி இருக்குதுன்னு யாருக்குமே தெரியாதா?”

“தெரியாது.”

“உனுக்கும்?”

“எனக்கும்.”

இறங்கி வந்தார்கள். அஞ்சலை நாலடி நடந்து, தூணின் நிழலில் மணலில் உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர்ப் புட்டியை நீட்டினேன். வாங்கவில்லை.

“நல்லாத்தான் ஒதைச்சிக்கினு இருந்துது” என்றாள். எங்கள் இருவரிடமும் சொல்லாமல், எதிரே மணலைப் பார்த்துச் சொன்னாள். “அன்னிக்கு முன்னா நாளு ராத்திரிகூட ஒதைச்சிது. அவரு கைய வெச்சிப் பாத்துட்டு, பையன்தான்னாரு. நான் பொண்ணுன்னேன்.”

எனக்கு எத்தனையோ ஆறுதல் வார்த்தைகள் வாயில் வந்தன. வார்டில் நித்தமும் சொல்கிற வார்த்தைகள். இன்ஜினியரம்மா அவள் பக்கத்தில், அதே மணலில், புடவை அழுக்காவதைப் பார்க்காமல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “பேர் யோசிச்சு வெச்சிருந்தீங்களா?” என்று கேட்டார்.

“மல்லிகான்னு.”

“மல்லிகா” என்று திரும்பச் சொன்னார் இவர்.

அப்போதுதான் அஞ்சலை அழுதாள். வார்டில் அவள் அழவில்லை. ஊரில் அழுதாளோ என்னவோ. முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, முதுகு குலுங்க, குரல் அடங்கும்வரை அழுதாள். இவர் அவளைத் தொடவில்லை, தேற்றவில்லை. எழுந்து போகவும் இல்லை. மேலே ஜீப்பின் ஹாரன் ஒலித்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஒலித்தது. பெரிய இன்ஜினியர் கைப்பிடிச் சுவர் ஓரம் வந்து எட்டிப் பார்த்தார். நான் அண்ணாந்து, வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர் தலையை இழுத்துக்கொண்டார்.

நிழல் எங்களை விட்டுத் தள்ளிப் போய் வெயில் முகத்தில் அடித்தபோது, அஞ்சலைதான் முதலில் எழுந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்து, பின்பக்கத்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். இன்னும் உட்கார்ந்திருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, துரு அப்பிய அந்தக் கையையே நீட்டினாள்.

“எழுந்திரும்மா. மேல உன்னக் கூப்புடுறாங்க பாரு.”

இவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.